மிச்சிகன் ஐசியுக்களில் செவிலியர் சொல்லுக்கு மதிப்பு வந்த கதை

மே 12, செவிலியர் தினம் வந்தால் ஆஸ்பத்திரிகளில் கேக் வெட்டுவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து செவிலியர்கள் எல்லாம் தெய்வத்துக்குச் சமம் என்று பேசிவிட்டுப் போவார். மறுநாள் காலையில் அதே ஸ்டாஃப் அதே ஐசியுவில் மூன்று நோயாளிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பார், கையுறைப் பெட்டி காலியாக இருக்கும், ஸ்டோரில் கேட்டால் இன்டென்ட் (பொருள் கேட்கும் படிவம்) போட்டு அனுப்பச் சொல்வார்கள். "நம்ம நர்ஸுங்களுக்கு வேலையில ஈடுபாடே இல்ல, என்ன பண்ணலாம்" என்று கேட்கிற நிர்வாகிகள் பெரும்பாலும் மனதில் ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஒரு மோட்டிவேஷன் வகுப்பு, ஒரு விருது, முடிந்தால் கொஞ்சம் யோகா. எனக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் நான் எடுத்துப் போடுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஐசியுக்களில் 2003-க்குப் பிறகு நடந்ததைத்தான். அதை எல்லோரும் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் கதையாகவே சொல்வார்கள். செவிலியராக வேலை பார்த்துவிட்டுப் படித்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது.

பணி ஈடுபாடு என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்மர் ஷௌஃபெலியும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் கொடுத்த விளக்கம்தான் செவிலியர் பற்றிய ஆய்வுகளில் இன்றும் அதிகம் புழங்குகிறது. வேலை செய்யும்போது தெம்பு இருக்க வேண்டும், செய்கிற வேலைக்கு அர்த்தம் உண்டு என்ற நினைப்பு இருக்க வேண்டும், நேரம் போவது தெரியாமல் அதில் மூழ்க முடிய வேண்டும். இதை அளக்க 17 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு, 9 கேள்விகளில் சுருக்க வடிவமும் உண்டு. ஷௌஃபெலியும் சேர்ந்த இன்னொரு குழு 2001-இல் ஒரு சட்டகத்தை முன்வைத்திருந்தது: வேலை நம்மிடம் கேட்பது ஒரு பக்கம், வேலை நமக்குக் கொடுப்பது மறுபக்கம். கேட்பது அளவு மீறினால் ஆள் ஓய்ந்துபோவார். கொடுப்பது குறைந்தால் ஆள் ஒதுங்கிக்கொள்வார், உடம்பு டியூட்டியில் இருக்கும், மனசு இருக்காது.

கொடுப்பது என்றால் சம்பளம் மட்டும் இல்லை. சொந்தமாக ஒரு முடிவெடுக்க இடம், தேவைப்படும்போது பின்னால் நிற்கிற மேலதிகாரி, நாம் செய்ததற்கு என்ன பலன் என்று தெரிவது, தேவையான பொருள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது, இவையெல்லாம் அதில் அடக்கம். ஐசியுவில் முதல் பக்கத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது. நோயாளி சாகக் கிடப்பார், அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், வெளியே உறவினர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அதனால் கை வைக்க முடிகிற இடம் பெரும்பாலும் இரண்டாவது பக்கம்தான்.

பிரான்சில் 165 ஐசியுக்களில் ஏறக்குறைய 2,400 செவிலியப் பணியாளர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பணிச்சோர்வு. அந்தச் சோர்வோடு எவையெல்லாம் சேர்ந்து வந்தன என்று பார்த்தால், ஆஃப் எந்த நாளில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடிகிறதா, ஐசியுவின் ஆய்வுக் குழு எதிலாவது இடம் இருக்கிறதா, தலைமைச் செவிலியரோடும் டாக்டர்களோடும் உறவு எப்படி, நோயாளிகளோடு தகராறு உண்டா, சாகிற நிலையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள நேர்ந்ததா. ஆஃப் நாள் இவ்வளவு பெரிய விஷயமா என்று டாக்டர்கள் கேட்பார்கள். வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கிற ஸ்டாஃப் யாரும் கேட்கமாட்டார்.

சரி, மிச்சிகனுக்குப் போவதற்கு முன் பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவைசிகிச்சை ஐசியுவில்தான் இது தொடங்கியது. பீட்டர் பிரோனோவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் 2001 வாக்கில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தச் செருகும் குழாய், போடும்போது செய்ய வேண்டியதை ஐந்து வரியில் எழுதினார். கை கழுவு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தோலைச் சுத்தம் செய், நோயாளியை முழுசாக ஸ்டெரைல் ஷீட்டால் மூடித் தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை எல்லாம் போட்டுக்கொள், கூடுமானவரை தொடை இடுக்கில் போடாதே, தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடு. இதில் ஒன்றுகூடப் புதிது இல்லை. பயிற்சி டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பரீட்சையில் கேட்டால் எழுதுவார்கள்.

தெரிந்தும் விடுபடுகிறது என்பதுதான் சிக்கல். விடுபடுவதை யார் பார்க்கிறார்கள்? லைன் போடுகிற டாக்டரின் கண் ஊசி முனையில் இருக்கும், ரத்தம் திரும்பி வருகிறதா, குழாய்க்கு வழிகாட்டும் கைடு வயர் தடையில்லாமல் போகிறதா என்பதில் இருக்கும். எதிர்ப்பக்கம் நிற்கிற செவிலியருக்குத்தான் முழுக் காட்சியும் தெரியும். வயரின் பின்நுனி ஷீட்டைத் தாண்டிப் போய்த் தலையணை உறையில் உரசுவதைப் பார்ப்பார். நோயாளியின் கால் பக்கம் ஷீட் எட்டவே இல்லை என்பதையும், மருந்து காய்வதற்குள் ஊசி இறங்கிவிட்டதையும் பார்ப்பார். பார்த்துவிட்டு என்ன செய்வார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சார், ஷீட் சரியா மூடல" என்று ஒரு தடவை சொல்லி, எல்லோர் முன்னாலும் "உங்க வேலையைப் பாருங்க சிஸ்டர்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் அடுத்த முறை வாயைத் திறக்கமாட்டார். அதற்கடுத்த முறை அந்தப் பக்கமே பார்க்கமாட்டார். ஈடுபாடு போவது இப்படித்தான், ஒரே நாளில் ராஜினாமா கடிதமாக வருவதில்லை.

ஹாப்கின்ஸில் அந்தப் பட்டியலைச் செவிலியர் கையில் கொடுத்தார்கள். ஏதாவது ஒரு படி விடுபட்டால், அவசர நிலை தவிர, லைன் போடுவதை நிறுத்தும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இதைக் கேட்டதும் இரண்டு பக்கமும் எதிர்ப்பு. டாக்டர்களைப் போலீஸ் மாதிரிக் கண்காணிப்பது எங்கள் வேலை இல்லை, சொன்னால் எங்களைக் கடித்துக் குதறிவிடுவார்கள் என்றார்கள் செவிலியர்கள். எல்லோர் முன்னாலும் எங்களைத் திருத்தினால் மரியாதை என்ன ஆகும் என்றார்கள் டாக்டர்கள். பிரோனோவோஸ்ட் செவிலியர்களுக்குச் சொன்னது, டாக்டர் கேட்கவில்லை என்றால் இரவோ பகலோ எனக்குப் பேஜர் செய்யுங்கள், நான் உங்கள் பக்கம் நிற்பேன் என்பது. இந்த ஒரு வாக்கு இல்லாமல் அந்தப் பட்டியல் வெறும் காகிதம்.

முதல் மாதத்தில் செவிலியர்கள் 38 முறை பட்டியலை நிரப்பினார்கள், அதில் 12 முறை குறுக்கிட வேண்டியிருந்தது. மூன்றில் ஒன்று! உலகத்தின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றில், எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த ஐசியுவில். 1998-இன் முதல் காலாண்டில் 1,000 கதீட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு கதீட்டர் நாள்) 11.3 ஆக இருந்த ரத்தத் தொற்று 2002-இன் கடைசிக் காலாண்டில் பூஜ்யம் ஆனது.

பட்டியல் மட்டும் இல்லை, டிராலியும் உண்டு. அதுவரை ஷீட் ஓரிடம், கவுன் ஓரிடம், மருந்து ஓரிடம் என்று ஐசியு முழுக்கத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்து அதை நிரப்பிவைக்கும் பொறுப்பையும் ஒருவருக்குக் கொடுத்தார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அவசரத்தில் பொருள் தேடி ஓடுவதுதான் ஒரு ஷிஃப்டில் செவிலியரை அதிகமாக எரிச்சல்படுத்துவது என்பது என் எண்ணம். நோயாளி கடினமானவர் என்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, அதற்குத்தான் ஐசியுவுக்கு வந்தோம்.

அதே மருத்துவமனையின் ஐசியு ஒன்றில் இன்னொரு வேலையும் நடந்தது. ரவுண்ட்ஸ் முடிந்ததும், இந்த நோயாளிக்கு இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று பயிற்சி டாக்டர்களையும் செவிலியர்களையும் கேட்டுப் பார்த்தார்கள். தெளிவாகப் பதில் சொன்னவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. ரவுண்ட்ஸ் என்பது பேராசிரியர் பேச மற்றவர்கள் தலையாட்டுவதாக இருந்தால் இதுதான் கதி. ஒரு பக்கத்தில் அன்றைய இலக்குகளை எழுதும் தாளைக் கொண்டுவந்த பிறகு 95 சதவீதத்துக்கு மேல் பதில் தெரிந்தது, ஐசியுவில் சராசரியாகத் தங்கும் காலம் 2.2 நாளிலிருந்து 1.1 நாளாகக் குறைந்தது. 2003-இல் வந்த இந்த ஆய்வை நான் ஈடுபாட்டுக்கான ஆதாரமாகவே படிக்கிறேன். இன்றைக்கு மாலைக்குள் டியூப் எடுக்கப் பார்க்கிறோம் என்று தெரிந்த செவிலியர் செடேஷனை (மயக்க மருந்தை) குறைப்பதில், நோயாளியை உட்காரவைப்பதில், சளி எடுப்பதில் ஒரு நோக்கத்தோடு இருப்பார். தெரியாதவர் மணிக்கொரு தடவை சார்ட்டை நிரப்புவார், அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டாக்டர்களிடம் பேசும்போது இதுதான் அதிகம் உறைக்கிறது. அதே 2003-இல் அமெரிக்க ஐசியுக்களில் எரிக் தாமஸ் குழுவினர் கேட்ட கேள்வி: மறுதரப்போடு உங்கள் ஒத்துழைப்பு எப்படி இருக்கிறது? செவிலியர்களோடு ஒத்துழைப்பு உயர்வாக இருக்கிறது என்ற டாக்டர்கள் 73 சதவீதம். டாக்டர்களோடு அப்படி இருக்கிறது என்ற செவிலியர்கள் 33 சதவீதம். இரண்டு தரப்பும் ஒரே அறையில், ஒரே நோயாளியின் பக்கத்தில் நிற்பவர்கள்.

இனி மிச்சிகன். மாநில மருத்துவமனைச் சங்கத்தின் கீஸ்டோன் மையமும் ஹாப்கின்ஸும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டத்தில் 108 ஐசியுக்கள் தாமாக முன்வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு டாக்டரும் ஒரு செவிலியரும் குழுத் தலைவர்கள். செவிலியரைத் துணைக்கு வைத்துக்கொண்டது இல்லை, இருவரும் தலைவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசிக் கூட்டம், ஆண்டுக்கு இருமுறை நேரில் சந்திப்பு. ஒவ்வொரு ஐசியுவின் தொற்று எண்ணிக்கையும் அந்த ஐசியுவுக்கே திரும்பி வந்தது. முதல் கட்டமாகச் செய்தது சென்ட்ரல் லைன் வேலையும் இல்லை. ஐசியுவில் வேலை செய்கிற எல்லோரிடமும் அடுத்த நோயாளிக்கு எதனால் கெடுதல் வரும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்பது, கேட்டதில் சிலவற்றையாவது சரிசெய்து காட்டுவது. முக்கியமானது இந்தக் கடைசிப் பகுதி. ஆலோசனைப் பெட்டி வைக்காத ஆஸ்பத்திரி இல்லை, திறந்து படிக்கிற ஆஸ்பத்திரி எத்தனை?

நிர்வாகத்தைச் சேர்ந்த பெரிய அதிகாரி ஒருவர் ஒவ்வொரு ஐசியுவையும் தத்தெடுத்து மாதம் ஒருமுறை வந்து உட்கார வேண்டும் என்றும் வைத்தார்கள். தொடக்கத்தில் பெரும்பாலான ஐசியுக்களின் சென்ட்ரல் லைன் கிட்டில் குளோர்ஹெக்சிடினே இல்லை. மருந்தே இல்லாமல் அந்த மருந்தைப் போட்டீர்களா என்று டிக் அடிக்கச் சொன்னால் செவிலியருக்கு வெறுப்புத்தான் வரும். அதிகாரிகள் தலையிட்டு அதை வாங்கவைத்தார்கள். தன் ஐசியுவில் எது தீர்ந்துபோகிறது என்று நிர்வாகிக்கு நேரில் தெரிவதும், சொன்ன பிறகு பொருள் வந்து சேர்வதும் பாராட்டுச் சான்றிதழைவிடப் பெரிய மரியாதை.

முடிவுகள் 2006 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தன. 1,000 கதீட்டர் நாட்களுக்குச் சராசரித் தொற்று 7.7-இலிருந்து 16 முதல் 18 மாதங்களில் 1.4-ஆகக் குறைந்திருந்தது. இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற ஐசியுவின் அளவு, மூன்றே மாதத்தில் 2.7-இலிருந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. 2010-இல் வந்த தொடர் ஆய்வில் மூன்று வருடம் கழித்தும் அது நிலைத்திருந்தது. புதுத் திட்டம் வந்தால் ஆறு மாதம் ஆர்வமாகச் செய்துவிட்டு விட்டுவிடுவதைத்தான் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதனால் எனக்கு முதல் எண்ணைவிட இந்த மூன்று வருடம்தான் பெரிதாகப் படுகிறது. வேடிக்கை என்னவென்றால், நோயாளிகளிடம் முறைப்படி ஒப்புதல் வாங்காத ஆராய்ச்சி என்று சொல்லி அமெரிக்க அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம் 2007-இல் இதை நிறுத்தவைத்தது. ஊரெல்லாம் சத்தம் போட்ட பிறகு 2008-இல் அனுமதித்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் அளந்தது தொற்றையும் பாதுகாப்புச் சூழலையும்தான். உத்ரெக்ட் கேள்விப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு யாரும் அங்கே போகவில்லை. ஈடுபாடு கூடியது என்று எண் காட்ட முடியாது. ஆனால் ஈடுபாட்டுக்குக் காரணம் என்று ஆய்வுகள் சொல்கிறவை எல்லாம், அதாவது முடிவெடுக்கும் இடம், பின்னால் நிற்கும் ஆள், பலன் தெரிவது, பொருள், இந்த ஒரு திட்டத்துக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நாள்தோறும் யாராவது நின்று கவனிக்காமல் அந்த எண் மூன்று வருடம் கீழேயே நிற்காது, நின்று கவனித்தவர்களில் பெரும்பாலோர் செவிலியர்கள்.

இதற்கு எதிர்ச்சோதனை மாதிரி இங்கிலாந்து கிடைத்தது. மிச்சிகனுக்கு ஈடுகொடுப்போம் என்ற பெயரில் 2009 முதல் 2011 வரை தேசிய நோயாளிப் பாதுகாப்பு முகமை அதே மாதிரித் திட்டத்தை நடத்தியது, 200-க்கும் மேற்பட்ட ஐசியுக்கள். அங்கேயும் தொற்று நன்றாகவே குறைந்தது, பெரியவர்களுக்கான ஐசியுக்களில் 3.7-இலிருந்து 1.48. ஆனால் திட்டத்தில் முன்னால் சேர்ந்த ஐசியுக்களுக்கும் இன்னும் சேராமல் காத்திருந்தவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஏற்கனவே நாடு முழுக்கக் குறைந்துகொண்டிருந்த போக்கில் இதுவும் கலந்துவிட்டது. மேரி டிக்சன்-வுட்ஸ் குழுவினர் 19 ஐசியுக்களுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தபோது, திட்டத்தின் எல்லாப் பகுதிகளையும் விடாமல் செய்தவை மிகச் சில என்பது தெரிந்தது. பல இடங்களில் இதை மேலேயிருந்து வந்த இன்னொரு அரசுத் திட்டமாகவே பார்த்தார்கள். இதெல்லாம் நாங்கள் ஏற்கனவே செய்வதுதானே என்றார்கள். எண்களை அனுப்பினால் அதை வைத்தே நம்மை அடிப்பார்களோ என்ற சந்தேகமும் இருந்தது. அதற்கு முன்னால் மருத்துவமனைத் தொற்றுகளுக்கு அரசு வைத்த இலக்குகளில் அடிபட்டவர்களுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஐந்து வரிகள் இரண்டு நாட்டிலும் அதேதான். மிச்சிகனில் பக்கத்து ஆஸ்பத்திரி செவிலியர் தொலைபேசிக் கூட்டத்தில், எங்களுக்கு இந்த மாதம் பூஜ்யம் என்று சொல்வதைக் கேட்டு, அப்படியென்றால் நம்மாலும் முடியுமே என்று தோன்றியது. இங்கிலாந்தில் பலருக்கு அது நிரப்ப வேண்டிய இன்னொரு படிவம்.

படிவம் என்றதும் நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதே ஐந்து வரிகளும் அழகாக லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருந்தன. தரச் சான்றிதழுக்கான ஆய்வு வரப்போகிறது என்றால் பண்டில் படிவத்தை, அதாவது இந்த ஐந்தையும் செய்தாயிற்றா என்று குறிக்கும் தாளை, நைட் ஷிஃப்டின் கடைசியில் உட்கார்ந்து எல்லாக் கட்டில்களுக்கும் சேர்த்து ஒரே பேனாவால், ஒரே மூச்சில் டிக் அடிப்போம். இன்சார்ஜ் சிஸ்டருக்குத் தெரியும், தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டருக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அந்த டிக்கைப் பார்த்து யாரும் எதையும் மாற்றியதில்லை, அந்த மாதத் தொற்று எவ்வளவு என்று எங்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை. அப்புறம் எப்படி அக்கறை வரும்? செவிலியர் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தத் தாள் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருமுறை பின்தொடர்ந்து பார்த்தால் போதும்.

மிச்சிகன் கதையை நம் நிர்வாகிகளிடம் சொல்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆஹா, சம்பளம் கூட்டாமல், ஆள் போடாமல், ஒரு தாளை வைத்தே ஈடுபாட்டைக் கொண்டுவந்துவிடலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே ஐசியுவில் ஒரு செவிலியருக்கு ஒன்றிரண்டு நோயாளிகள் என்பது அடிப்படையாக இருந்தது. வென்டிலேட்டரில் மூன்று பேரை வைத்துக்கொண்டிருப்பவரிடம், லைன் போடும் இருபது நிமிடமும் பக்கத்திலேயே நின்று கவனி என்று சொன்னால், மற்ற இருவரை யார் பார்ப்பது? நிறுத்தும் அதிகாரம் கொடுத்தாலும் நின்று பார்க்க ஆள் வேண்டும். வேலை நிரந்தரமில்லாதவர் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள் என்று சொல்வதும் எளிதில்லை, அடுத்த ஒப்பந்தம் யார் கையில் என்று அவருக்குத் தெரியும். 2015-இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தபோது அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 7,700 ரூபாய். தனியார் பக்கம், உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-இல் கொடுத்த பரிந்துரைப்படி 200 கட்டில்களுக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி மாநில அரசு கொடுக்கும் சம்பளத்துக்கு இணையாகக் கொடுக்க வேண்டும், 50 கட்டில்களுக்குக் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இந்த எண்ணை உங்களுக்குத் தெரிந்த எந்த ஸ்டாஃபிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

ஆள் எண்ணிக்கையும் சம்பளமும் ஓரளவாவது சரியாக இருக்கிற ஓர் ஐசியுவில், எங்கே தொடங்கலாம் என்று நர்சிங் சூப்பரின்டென்டென்ட் யாராவது என்னிடம் கேட்டால், டிராலியில் தொடங்குங்கள் என்பேன். அதற்கு யாருடைய மனமாற்றமும் தேவையில்லை, ஒரு வாரத்தில் முடிகிற வேலை, செவிலியர்கள் கேட்டது நடந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த வாரத்திலேயே போன மாதத்தின் தொற்று எண்ணிக்கையைக் கான்ஃபரன்ஸ் ரூமில் வைக்காமல் நர்ஸிங் ஸ்டேஷனில் எழுதிப் போடுங்கள், மோசமாக இருந்தாலும் சரி. ஆஃப் கேட்பதற்கு ஒரு நோட்டு வைத்து, கேட்டதில் முடிந்ததைக் கொடுத்து, முடியாததற்குக் காரணம் சொல்லுங்கள். நிறுத்தும் அதிகாரத்தைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும், அதுவும் ஐசியு தலைமை டாக்டர் எல்லோரையும் நிற்கவைத்துத் தன் வாயால் சொன்ன பிறகு. முதல் தடவை ஒரு சிஸ்டர் அதைப் பயன்படுத்தி, சீனியர் டாக்டர் ஒருவர் முகம் சிவந்து வெளியே வரும் நாளில், தலைமை டாக்டர் லீவில் இருந்தால்கூட போனை எடுக்க வேண்டியிருக்கும்.